கஸ்தூரி அக்காவின் வலது கை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மா, மடியில் சாக்குப்பை. கடலூரில் ஏறியதிலிருந்தே, "ஆலப்பாக்கம் வந்துடுச்சா, ஆலப்பாக்கம் வந்துடுச்சா" என்று கண்டக்டரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்டக்டருக்கு அலுத்துவிட்டது. "பேசாம உக்காரும்மா. ஸ்டாப்பு வந்தா நானே சொல்றேன்" என்றார். அவரும் பேசாமல் உட்கார்ந்தார். கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் குடிகாடு பக்கம் வழக்கம்போல எல்லாரும் ஜன்னலைச் சாத்தினோம், வாடை போனதும் திறந்தோம். ஆலப்பாக்கம் வந்தது, பஸ் நின்றது, கிளம்பியது. அந்த அம்மா ஜன்னல் வழியாகத் தன் ஊரைப் பார்த்துக்கொண்டே போனார். கண்டக்டருக்கு ஞாபகம் வந்தபோது ஊர் பின்னால் போய்விட்டது.

"ஏம்மா, ஊரு வந்துச்சே! வாயத் தொறந்து சொல்றதுக்கின்னா?"

"நீதானப்பா பேசாம உக்காருன்ன."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கஸ்தூரி அக்காவின் கை ஞாபகத்துக்கு வந்தது. 

சிதம்பரத்தில் நம் டே கேருக்குப் புதிய நர்ஸ்களாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். இப்படிப்பட்ட பேச்சை ரிட்டையர் ஆனவர்கள்தான் பேச வேண்டும். எனக்கு இன்னும் முப்பதே ஆகவில்லை. ஆனால் நம் யூனிட்டின் சீனியர்கள் ஒவ்வொருவராக கல்ஃபுக்கும் அயர்லாந்துக்கும் விமானம் ஏறிவிட்டதால், மிச்சமிருப்பவர்களில் நானே பழைய ஆள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வந்து நாற்காலியில் சாய்ந்து, புற்றுநோய் மருந்தை ஏற்றிக்கொண்டு, மாலையில் வீட்டுக்குப் போகிறவர்களின் இடம் இது. நரம்பு தேடுவது, பம்ப் வைப்பது, சொட்டு எண்ணுவது எல்லாம் காலேஜில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். மறந்தால் சுவரில் ஒட்டியிருக்கிறது. சுவரில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

என் முதல் வேலை இங்கே இல்லை. கடலூரில், ஒரு மருத்துவமனையின் டிரெஸ்ஸிங் ரூமில். சர்க்கரைப் புண் கால்கள், பைக்கில் விழுந்த முட்டிகள், மீன் முள் ஏறிய விரல்கள் என்று நாள் ஓடும். அங்கே ஒரு காலையில் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மனைவிதான் கஸ்தூரி அக்கா. நாற்பது கடந்தவர். முடி கொட்டிய தலையில் பூப்போட்ட துணியை இழுத்துக் கட்டியிருந்தார். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். கதவோரமாக ஒயர் கூடையோடு நின்றவர் அவர் கணவர், கலியமூர்த்தி அண்ணன். கரும்பு சீசனில் ஆலைக்கு டிராக்டர் ஓட்டுகிறவர். எதைக் கேட்டாலும் "ம்" என்பார். கொஞ்சம் பெரிய கேள்வியாக இருந்தால் "இருக்கட்டும்" என்பார்.

துணியைப் பிரித்தேன். புறங்கையின் நடுவில் தோல் கறுத்துக் காய்ந்திருந்தது. அதன் விளிம்பு சிவந்து, ஒரு பக்கம் பெயர்ந்து, உள்ளே நரைத்த வெள்ளையாகச் சதை தெரிந்தது. தீக்காயம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"தம்பி, பாத்து. அது சோறு போடுற கை" என்றார் அக்கா.

"எல்லார் கையும் சோறு போடுற கைதான்க்கா."

"உன் கை ஊசி குத்துற கை. என் கை ஊசி கோக்குற கை. ரெண்டுல எது ஒசத்தி, சொல்லு பாப்போம்?"

அவர் ஜாக்கெட் தைக்கிறவர். நெல்லிக்குப்பம் வரையில் கல்யாண ஜாக்கெட் என்றால் அவரிடம்தான் வருவார்களாம். "கழுத்து வெட்டுறதுக்கு மட்டும் மெஷின் கெடையாது தம்பி, அது கைதான்" என்பார். இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் முடிந்திருந்தது. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்திருந்தார்கள். அப்படிச் செய்த பக்கத்துக் கையில் ஊசி ஏற்றக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே மிச்சமிருந்தது வலது கை மட்டும். வெட்டுகிற கையிலேயேதான் மருந்தும் ஏற வேண்டும்.

அக்காவுக்கு ஏற்றியது சிவப்பு மருந்து. ரத்தக் குழாய்க்குள் போகும் வரைக்கும் அது மருந்து. குழாயின் சுவரைத் தாண்டி ஒரு துளி சதைக்குள் கசிந்தால் அங்கேயே தங்கிவிடும், தங்கி அரித்துக்கொண்டே இருக்கும். கசிந்த அன்று பார்த்தால் லேசான வீக்கம், கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். கறுப்பு பிறகுதான் வரும். அதனாலேயே இந்தக் காயத்தை யாரும் முதல் நாளில் நம்புவதில்லை.

என்ன நடந்தது என்று அக்கா ஒரே நாளில் சொல்லவில்லை. டிரெஸ்ஸிங் மாற்றும்போது வலி தெரியாமல் இருக்க நான் எதையாவது கேட்பேன், அவர் எதையாவது சொல்வார். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

நடந்தது நம் டே கேரில்தான். ஜன்னலோர நாற்காலியில். அன்று கூட்டம் ஜாஸ்தி. ஊசியைப் புறங்கையில் போட்டு, அசையாமலிருக்க மேலே பிளாஸ்டரைக் கனமாக ஒட்டியிருந்தார்கள். ஏசி குளிருக்கு அக்கா முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார். மருந்தைச் செலுத்த ஆரம்பித்தபோது அந்த சிஸ்டர், நாம் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னார்: "கொஞ்சம் எரியும், பொறுத்துக்கோங்க."

"எரிஞ்சுது தம்பி. தீக்குச்சியக் கொளுத்தி வெச்சாப்புல. அவுங்கதான் முன்னாடியே சொல்லிட்டாங்களே. பொறுத்துக்கினேன். எதுத்தாப்புல ஒரு பொண்ணு, சின்னப் பொண்ணு, அழுதுகினே இருந்துச்சு. நாமளும் அழுதா அது இன்னா ஆவும்? அந்த சிஸ்டர் நடுவுல ஒருவாட்டி 'ஓகேவாம்மா'ன்னு கேட்டாங்க. 'ஓகே'ன்னேன். ரெண்டு புள்ள பெத்தவ நான். ஒரு எரிச்சலப் பொறுக்க மாட்டனா?"

எரிகிற மருந்துதான் வேலை செய்கிற மருந்து என்று அவர் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. காயத்தில் டிஞ்சர் போட்டால் எரிய வேண்டும், கண்ணில் சொட்டு விட்டால் எரிய வேண்டும். எரியாவிட்டால்தான் அவர் சந்தேகப்பட்டிருப்பார்.

அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கை வீங்கியிருந்தது. கையில் கொடுத்தனுப்பிய சீட்டில் காய்ச்சல் வந்தால் போன் செய்யச் சொல்லியிருந்தது. காய்ச்சல் வரவில்லை. அதனால் போன் செய்யவில்லை.

"அப்பறம் இன்னாக்கா பண்ணீங்க?"

"அப்பறம் மாமாதான்."

கணவரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கரும்பு சீசனில் டிராக்டர் ஓட்டி ஓட்டி அண்ணனுக்குத் தோள்பட்டை இறுகிப்போகும். அக்கா கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அந்த வீட்டில் வீக்கம் என்றால் உப்பு ஒத்தடம்தான். அண்ணன் அடுப்பங்கரைக்குள் நுழைந்தது கிடையாது. அன்றைக்கு நுழைந்தார். உப்பை எந்தச் சட்டியில் வறுப்பது என்று தெரியாமல் பால் காய்ச்சும் பாத்திரத்தில் வறுத்தார். "பாத்திரம் போச்சு. நான் திட்டுனேன். அவரு கேக்கல. துணியத் தன் கன்னத்துல வெச்சு சூடு பாத்து, கன்னத்துல வெச்சு சூடு பாத்து, ஒத்துனாரு. ஆறிப்போனா மறுபடி வறுத்தாரு. ரெண்டு மூணு நாளு இதே வேல. எனக்கு யாரும் அப்படி செஞ்சது கெடையாது தம்பி." இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் இருந்த வெட்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நான் கையுறைக்குள் விரலை மடக்கிக்கொண்டேன். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். சிவப்பு மருந்து கசிந்த இடத்தில் குளிர்ச்சிதான் வைக்க வேண்டும். சூடு வைத்தால் அந்த மருந்து இன்னும் பரவும், இன்னும் ஆழமாக இறங்கும்.

மறுநாள் சர்ஜன் வந்து பார்த்தார். கறுப்பைச் சுற்றித் தோல் வெந்தது போலிருந்த இடத்தைத் தொட்டு, "இது யாரு சூடு வெச்சது?" என்று கேட்டார்.

"நான்தான் சார். நானே வெச்சுக்கினேன்" என்றார் அக்கா, கேள்வி முடிவதற்குள்.

"இதுக்கு சூடு ஆகவே ஆகாதும்மா. இன்னும் கெடுத்து வெச்சிருக்கீங்க."

கலியமூர்த்தி அண்ணனை அதற்குச் சற்று முன்புதான் கட்டுப் போடும் காஸ் துணி வாங்கி வர பார்மசிக்கு அனுப்பியிருந்தோம். சர்ஜன் அடுத்த அறைக்குப் போனதும் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, இது மாமாவுக்குத் தெரிய வேணாம். கை போனது போவட்டும். அந்த மனுசன் அதோட உக்காந்துடுவாரு. ஒன் வாயால வராதுன்னு சொல்லு."

வராது என்றேன்.

அன்று மாலை சர்ஜனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்: சூடு வைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கை எவ்வளவு தப்பியிருக்கும்? அவர் நிதானமாகச் சொன்னார். "மருந்து வெளிய வந்ததுதான் காரணம். சூடு எவ்வளவு கூட்டுச்சுன்னு அளக்கறதுக்குக் கருவி இல்ல. கொஞ்சமா இருக்கலாம், நெறையவும் இருக்கலாம். இந்தக் கேள்விய அவங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுடாத."

செத்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். புண் ஆறியது. ஆறியது என்று நாம் எழுதுவோம். ஆனால் புறங்கையில் ஓடும் தசைநாண்கள் விரலை நிமிர்த்துவதற்கானவை. அவற்றில் பாதி போய்விட்டது.

ஒரு நாள் அக்கா ஒயர் கூடையிலிருந்து தன் கத்தரியை எடுத்தார். தையல்காரர்களின் கனமான கறுப்புக் கைப்பிடிக் கத்தரி. விரல்களை உள்ளே நுழைத்தார்.

"பாரு தம்பி. மூடுது. தொறக்க மாட்டேங்குது."

விரல்கள் மடங்கின, கத்தரி மூடியது. அவ்வளவுதான். விரலை நிமிர்த்த முடியவில்லை. கதவோரம் நின்ற அண்ணன் வந்தார். தன் தடித்த விரலால் கத்தரியின் வாயைப் பிரித்துக் கொடுத்தார். அக்கா மூடினார். அவர் பிரித்தார். அக்கா மூடினார். மேஜையில் கிடந்த காஸ் துணியின் ஓரம் நூல் பிடித்தது போல நேராக வெட்டுப்பட்டது.

"பரவால்லயே மாமா, நீ கையாளா வந்துடு. கூலி குடுத்துடறேன்" என்றார் அக்கா.

"ம்" என்றார் அவர்.

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் யாராலும் யாரையும் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான ஆபத்து வந்தது. அக்காவுக்கு இன்னும் மருந்து பாக்கி இருந்தது. வேண்டாம் என்றுவிட்டார். "கைய ஒண்ணு குடுத்தாச்சு. இன்னும் எதுக்கு?" சர்ஜன் சொன்னார், நான் சொன்னேன், அவர் மகள் போனில் அழுதாள். மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பலாம் என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர் கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தைக்காம இருந்து இன்னா பண்ணப் போறேன்?" என்றார்.

அப்போது கலியமூர்த்தி அண்ணன் பேசினார். நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது.

"ஜாக்கெட்டு ரெடிமேடுல கெடைக்குது கஸ்தூரி."

அவ்வளவுதான். அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த வாரம் சிதம்பரம் போனார். கையில் ஊசி வேண்டாமென்று நெஞ்சில் தோலுக்கடியில் ஒரு சின்னக் குப்பி பொருத்தி, அதன் வழியாக மீதி மருந்தை ஏற்றி முடித்தார்கள். இதை முதலிலேயே செய்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். செய்திருக்கலாம். அதற்கும் ஆபரேஷன் தேவை, செலவு தேவை, ஆபத்தும் உண்டு. எல்லாருக்கும் செய்வதில்லை. அன்றைக்கு ஊசி போட்ட சிஸ்டர் மோசமானவர் இல்லை. அவரிடம் பிறகு பேசியிருக்கிறேன். "அவங்க ஓகேன்னுதானே சொன்னாங்க" என்று ஒரு தடவை சொன்னார். 

அந்தக் கைதான் என்னை இங்கே கொண்டு வந்தது. கடலூர் வேலையை விட்டுவிட்டு இந்த டே கேரில் சேர்ந்தேன். தினமும் பஸ். கை கெட்ட பிறகு கட்டுப் போடுவதைவிட, கெடாமல் பார்க்கும் இடத்தில் இருக்கலாம் என்று ஒரு வேகம். வந்த முதல் வாரமே என் வாயிலிருந்தும் அதே வாக்கியம் வழுக்கி விழுந்தது. "கொஞ்சம் எரியும், பொறுத்துக்கோங்க." எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஆறுதலுக்காகச் சொல்கிறோம். ஆனால் கேட்கிறவர்கள் அதை உத்தரவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆலப்பாக்கத்து அம்மா தன் ஊரைப் பார்த்துக்கொண்டே போன அன்றுதான் இது எனக்குத் தெளிவாக விளங்கியது.

மறுநாளே வாக்கியத்தை மாற்றினேன். "எரிஞ்சாலும், ஒரு மாதிரி இருந்தாலும், பொறுத்துக்காதீங்க. உடனே சொல்லுங்க." மாற்றியதும் என்ன ஆயிற்று தெரியுமா? எல்லாரும் சொல்ல ஆரம்பித்தார்கள். எரிகிறது, குளிர்கிறது, கால் மரத்துப்போகிறது, பக்கத்து நாற்காலிக்காரர் குறட்டை விடுகிறார். கூட வேலை பார்க்கும் ஆரோக்கியராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மச்சான், நீ நர்ஸா, கம்ப்ளெய்ண்ட் செல்லா?"

அப்படி ஒரு நாள், முட்லூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். சிவப்பு மருந்து பாதிதான் போயிருந்தது. "தம்பி, எரியல. ஆனா உள்ளார ஈரமா இருக்காப்புல தோணுது" என்றார். பார்த்தேன். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்தால் நரம்பிலிருந்து ரத்தமும் வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் மகன் கதவில் நின்று, "சீக்கிரம் முடிங்க சார், கடசி டவுன் பஸ்ஸு" என்கிறான். டாக்டர் ஓபியில். ஆரோக்கியராஜ் கண்ணாலேயே "போட்டு முடி" என்கிறான். நிறுத்தினால் வேறு இடத்தில் நரம்பு தேட வேண்டும், அந்தக் கையில் நரம்பே இல்லை. சரியாக இருப்பதாக எல்லாமே சொல்லும்போது, ஒருவர் வாயிலிருந்து வந்த 'ஈரமா இருக்காப்புல' என்ற பேச்சுக்கு என்ன மதிப்புக் கொடுப்பது? எனக்குப் பயமாக இருந்தது. நிறுத்தினேன். பிளாஸ்டரைப் பிரித்தேன். ஊசி முனைக்குச் சற்று மேலே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு. உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்து, ஊசியை அகற்றி, டாக்டரைக் கூப்பிட்டு, குளிர்ச்சி வைத்து, கையைத் தூக்கி வைத்தோம். அந்த இடம் சிவந்தது, தோல் உரிந்தது, அதோடு நின்றது. பெரியவர் இப்போது வந்தால் அந்தக் கையால்தான் என் முதுகில் தட்டுகிறார். ஆரோக்கியராஜ் அதற்குப் பிறகு என்னை கம்ப்ளெய்ண்ட் செல் என்று சொல்வதில்லை. அவனும் ஊசி ஏறும் கையைத் துணியால் மூட விடுவதில்லை. போர்வை கேட்டால் காலுக்குக் கொடுக்கிறான்.

ஆனால் இது பாதிதான். மிச்சப் பாதி வீட்டில் இருக்கிறது. கசிவு சில நேரம் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். நம் வீடுகளில் வீக்கத்துக்கு ஒரே வைத்தியம் சூடு. ஐஸ் என்றால் பயம். "கீமோ ஒடம்பு, சளி புடிச்சுக்கும்" என்பார்கள். இன்னொன்று, சில மருந்துகளுக்குச் சூடுதான் சரி, சிலவற்றுக்குக் குளிர்ச்சி. ஆகவே, கேட்காமல் எதையும் வைக்காதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள் என்று வெளியே பெஞ்சில் காத்திருக்கும் கணவன்மாரிடமும் மகன்களிடமும் தினமும் சொல்ல வேண்டும். அந்தப் பெஞ்சில்தான் கலியமூர்த்தி அண்ணனும் உட்காருவார். அக்கா செக்கப்புக்கு வரும் நாளில் நான் அங்கே நின்று "சூடு வைக்காதீர்கள்" என்று எப்படிச் சொல்வேன்?

அக்காவிடமே கேட்டேன். அவர் யோசித்தார். "சொல்லு தம்பி. சொல்லணும். நான் வர்ற அன்னைக்கு மட்டும் வேணாம்."

அப்படியே செய்தேன். மற்ற நாட்களில் பேசினேன். யாரும் கேட்கவில்லை. கேட்டது போலத் தலையாட்டினார்கள். யூனிபார்ம் போட்ட ஒரு சின்னப் பையன் ஏதோ சொல்கிறான் என்று விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போய் உப்பை வறுத்தார்கள். போன மாதம் ஒருவர் தன் மனைவியைக் கையில் ஒத்தடத் தழும்போடு கூட்டி வந்தார். நல்லவேளை, அது கசிவு இல்லை, சாதாரண வீக்கம். அன்று பெஞ்சுக்கு முன்னால் நின்றபோது எனக்கு அழுகை வந்தது.

போன முறை அக்கா செக்கப்புக்கு வந்தபோது, அண்ணன் பெஞ்சில் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். இரண்டு டீ சொன்னார்.

"பெஞ்சுல சூடு வெக்காதீங்கன்னு பேசறியாமே. நெல்லிக்குப்பத்தாரு ஒருத்தரு சொன்னாரு."

"ஆமாண்ணே."

"நான் வர்ற அன்னைக்கு மட்டும் ஏன் பேச மாட்டேங்குற?"

நான் டீயைப் பார்த்தேன்.

"கஸ்தூரி சொன்னாளா?"

வாயால் வராது என்று சொல்லியிருந்தேன். வரவில்லை. அவர் கிளாஸை வைத்தார்.

"தெரியும் தம்பி. அன்னைக்கே தெரியும். காஸ் துணி வாங்கிக்கினு வந்தேன். கதவாண்ட நின்னேன். டாக்டரு கேட்டாரு. இவ, நான்தான், நானே வெச்சுக்கினேன்னா." கிளாஸை ஓரமாக நகர்த்தினார். "ஒரு கைய வெச்சுக்கினு எப்புடி உப்பு வறுத்து, மூட்ட கட்டி, ஒத்துவா? அந்த டாக்டரு அதக்கூடக் கேக்கல."

எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் சொன்னேன். மருந்து வெளியே வந்ததுதான் காரணம், சூடு எவ்வளவு என்று யாராலும் அளக்க முடியாது. அவர் "இருக்கட்டும்" என்றார்.

"அக்காகிட்ட சொல்லவா, உங்களுக்குத் தெரியும்னு?"

"சொல்லாத. எனக்குத் தெரியாதுன்னு அவ நெனச்சிக்கினு இருக்கா. அதுல அவளுக்கு ஒரு நிம்மதி. அதப் போய் ஏன் புடுங்கணும்?" பிறகு, "பெஞ்சுல நான் சொல்றேன். ஒன் பேச்ச ஏன் கேப்பாங்க? நீ உப்பு வறுத்திருக்கியா?" என்றார்.

"நீங்களா அண்ணே? பேசுவீங்களா?"

"பேசிப் பாக்கறேன்."

அங்கேயே பேசிப் பார்த்தார். டீக்கடைச் சுவரைப் பார்த்து நின்று, துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு: "கேக்காம சூடு வெக்காதீங்க." அதற்கு மேல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அந்த ஒரு வரி. நெற்றியில் வேர்த்துவிட்டது.

"யாராவது ஏன்னு கேட்டா?" என்றார்.

"நான் பக்கத்துல நிப்பேன். நான் சொல்லிக்கறேன்."

"வேணாம்." துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் வெச்சேன்னு சொல்லிடறேன்."

வரும் திங்கட்கிழமை அக்காவுக்கு மறுபடி செக்கப். டாக்டர் அறைக்குள் போகும் முன் வழக்கம்போல, "டீ குடிச்சிட்டு வா மாமா" என்று அவரை அனுப்புவார். அண்ணன் வாசல் வரை போவார், திரும்பிப் பெஞ்சுக்கு வருவார். அன்று நீங்கள் யாரும் பெஞ்சுப் பக்கம் வந்து சும்மா நிற்க வேண்டாம். யூனிபார்மைக் கண்டால் அவருக்கு வார்த்தை வராது. பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் கையைப் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்களில் ஒருவர் மட்டும் உள்ளே இருங்கள். டாக்டர் பார்த்து முடித்ததும் அக்கா உடனே எழுந்துவிடுவார், அவர் குணம் அப்படி. உட்கார வையுங்கள். வெளிப்பேச்சு அவர் காதில் விழாதபடி கதவைச் சாத்திவிட்டு, அந்த வலது கையை எடுத்து மடியில் வைத்து, எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு விரலாக நிமிர்த்திவிடுங்கள். எப்படியும் அது செய்ய வேண்டிய பயிற்சிதான். வலித்தால் சொல்லச் சொல்லுங்கள். அவசரப்படாதீர்கள். வெளியே ஒருவர் ஒரு வரி சொல்லி முடிக்க வேண்டும்.